சாலைக்குப் பதினோரு கட்டங்கள்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். என் மனைவி சரோஜா வெள்ளிக்கிழமை மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டால்கூட, குழம்புக்கு ஆகிற மிளகாயை வீணாக்குகிறாயே என்று சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். பி.எஸ்ஸி. விவசாயம் படித்தவன், பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பருத்தி விதைக் கம்பெனியின் ஆராய்ச்சிக் காட்டில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன், எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். ஒரு தடவை காட்டில் வேலை செய்யும் பெண்கள் வேலி ஓரம் வெள்ளையாக ஒன்று நின்று கையாட்டுகிறது என்று சொல்லி அந்தப் பக்கமே போகமாட்டோம் என்றபோது, நான்தான் போய் முள்ளில் மாட்டியிருந்த உரச்சாக்கை எடுத்துவந்து எல்லாருக்கும் காட்டினேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றபடி நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

இன்னொன்று, இந்த மாதிரி அனுபவங்கள் நடுராத்திரியில்தான் நடக்கும் என்பார்கள். எனக்கு நடந்தது மத்தியானம் இரண்டு மணிக்கு, மின்விசிறி ஓட, பக்கத்து வீட்டு ரேடியோ பாட, சாப்பிட்ட தட்டு இன்னும் காயாத நேரத்தில். என் வேலை அப்படி. பருத்தியில் ஒட்டு விதை எடுப்பது என்றால், நாளைக்கு மலரப்போகும் மொட்டில் மகரந்தப் பையை இன்றைக்குச் சாயங்காலமே நீக்கிவிட்டு அதற்குச் சிவப்புத் தாள் பை மாட்ட வேண்டும், மறுநாள் காலை பதினொரு மணிக்குள் வேறு செடியின் மகரந்தத்தை அதில் தடவ வேண்டும். ஆகவே எனக்குக் காலையும் சாயங்காலமும் காடு, மத்தியானம் வீடு. பதினொன்றரைக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டு நான்கு மணிக்குத்தான் திரும்பப் போவேன். மீதி வேலை பொறுக்குவது. எந்தச் செடி நன்றாக இருக்கிறதோ அதற்குச் சீட்டுக் கட்டி அடுத்த தலைமுறைக்கு எடுப்போம், வரிசையில் ஒட்டாமல் வேறு மாதிரி இருக்கிற செடியைக் கலவன் என்று சொல்லிப் பிடுங்கி எறிவோம். கலவன் இல்லாத வயல்தான் எங்கள் தொழிலின் மானம்.

எங்களுக்கு ஒரே பெண், தேன்மொழி. கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் எஞ்சினியரிங் கடைசி வருடம். போன வருடம், தொண்ணூற்றெட்டு ஆடியில், தெரிந்த பையனிடம் சொல்லி உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டிய ஒரு கம்ப்யூட்டரை நடுக்கூடத்தில் வைத்தோம். அவளும் சூலூரிலிருந்து வரும் அவள் தோழி ஸ்டெல்லாவும் சேர்ந்து ப்ராஜெக்ட் செய்ய ஆரம்பித்தார்கள். வீடியோ கேம் என்றதும் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. இத்தனை படித்து விளையாட்டா என்று கேட்டேன். அவள் திரையில் எட்டுச் சிறு வரைபடங்களைக் காட்டினாள். ஒவ்வொன்றும் கட்டம் கட்டமாக, வெள்ளைக் கட்டம் சுவர், கறுப்புக் கட்டம் வழி, ஒரு மஞ்சள் சாவி, ஒரு சிவப்புக் கதவு, விளையாடுகிறவளுக்கு ஒரு பச்சைப் புள்ளி. எட்டில் எது இரண்டு நன்றாக இருக்கிறதோ அந்த இரண்டின் எண்ணை அழுத்தினால், இதில் பாதி அதில் பாதி கலந்து, அங்கங்கே ஒன்றிரண்டு கட்டத்தை அதுவாகவே மாற்றிப்போட்டுப் புதிதாக எட்டு வரும். அதில் இரண்டைப் பொறுக்கினால் மறுபடி எட்டு.

"நீங்க காட்டுல செய்யறதைத்தான் நான் இதுக்குள்ள செய்யறேனுங்கப்பா" என்றாள். "ஒரு ஆட்டத்துக்கு நூறு வரைபடம் வேணும்னா நூறையும் உக்காந்து வரையறதுக்கு ஆள் வேண்டாம். பொறுக்கி எடுக்க ஒரு ஆள் இருந்தாப் போதும். மிச்சத்தை அதுவே பெத்துப்போடும்."

"அப்போ இருபத்திரண்டு வருசமா நானும் கம்ப்யூட்டர் எஞ்சினியர்தான்."

"அப்படின்னா வைவாவுக்கு நீங்களே வந்துருங்க அங்கிள், நாங்க போய்க் காட்டைப் பாத்துக்கறோம்" என்றாள் ஸ்டெல்லா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையே உட்காரவைத்துப் பொறுக்கச் சொன்னார்கள். நான் என் பழக்கப்படி, கோணலாக, வித்தியாசமாக எது வந்தாலும் தள்ளிவிட்டு ஒன்றோடொன்று ஒத்துப்போவதையே எடுத்துக்கொண்டு போனேன். பன்னிரண்டு தலைமுறை தாண்டுவதற்குள் எட்டும் அச்சு அசலாக ஒன்றாகிவிட்டன.

தேனு தலையில் கை வைத்துக்கொண்டாள். "என்னங்கப்பா இப்படிச் செஞ்சுபோட்டீங்க. எட்டும் ஒரே மூஞ்சி."

"இதுக்குத்தானே கண்ணு எனக்குச் சம்பளம். கலவனே இல்லை பாரு."

"உங்களுக்கு அது கலவன். எனக்கு அதுதானுங்க ஆட்டமே."

"சொந்தத்துக்குள்ளயே கண்ணாலம் பண்ணிப் பண்ணி இப்படி ஆயிருச்சு" என்று ஸ்டெல்லா சொல்ல, சமையலறையிலிருந்து சரோஜா, "சொந்தத்துல கண்ணாலம் பண்ணினவ ஒருத்தி இங்கதான் உங்களுக்குச் சோறு ஆக்கிட்டு இருக்கறா, மெதுவாப் பேசுங்க" என்றாள். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு. அதற்குப் பிறகு நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பொங்கல் முடிந்து ஒரு வாரம். பெங்களூரில் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுத்திருந்தது. நானோ அவளைக் கேட்காமலே ஈரோட்டில் சரோஜாவின் சித்தப்பா வழியில், மஞ்சள் மண்டி வைத்திருக்கிற குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். காலையில் நான் காட்டுக்குக் கிளம்பும்போது அவள் முடியாது என்றாள். அவள் என்னை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. "போறதுன்னா இப்பவே போ. போனா மறுபடி இந்த ஊட்டு வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவள் ஒன்பது மணிக்கு ஒரு பையில் இரண்டு சுடிதாரும் பல் துலக்குகிற பிரஷும் எடுத்துவைத்துக்கொண்டு, அம்மாவிடம் சொல்லாமல் கிளம்பியிருக்கிறாள்.

மத்தியானம் ஒரு மணிக்குச் செய்தி வந்தது. கோயமுத்தூர் போகிற வழியில், துடியலூருக்குச் சற்று முன்னால், ஒரு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, சாலையைக் கடக்கும்போது, மேட்டுப்பாளையம் பக்கமிருந்து வந்த ஒரு லாரி. அதற்கு மேல் அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் எங்கள் மீதி வாழ்க்கை முழுக்க அதில்தான் தொங்கியது. அந்த இடத்தில் கோயமுத்தூர் போகும் பஸ் சாலையின் கிழக்குப் பக்கம் நிற்கும். எங்கள் ஊருக்குத் திரும்பும் பஸ் மேற்குப் பக்கம் நிற்கும். அவள் கிழக்கிலிருந்து மேற்கே கடந்திருந்தால் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். மேற்கிலிருந்து கிழக்கே கடந்திருந்தால் எங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள். லாரிக்காரர் தான் எதையும் பார்க்கவில்லை என்றார். டீக்கடைக்காரர் ஒன்று சொன்னார், சைக்கிள் கடைக்காரர் அதற்கு நேர்மாறாகச் சொன்னார். ஆனால் அவள் எதற்காக அங்கே இறங்கினாள் என்று யோசித்தால், மேற்குப் பக்கம்தான் வீடுகள், கடைகள், தெருக்கள். கிழக்கில் மூடிக்கிடக்கிற ஒரு மில்லின் நீளமான மதில் சுவரைத் தவிர ஒன்றுமில்லை. ஆகவே மேற்கே யாரையோ பார்க்கப் போயிருக்கிறாள், பார்த்துவிட்டுக் கோயமுத்தூர் பஸ் பிடிக்கக் கிழக்கே கடந்திருக்கிறாள் என்றுதான் எல்லாரும் முடிவு கட்டினார்கள். சரோஜாவும் அப்படித்தான் நினைத்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் போனபிறகு, "நீங்க சொன்ன வார்த்தையைக் கேட்டுக்கிட்டுத்தான் எம் புள்ள நடந்துச்சு" என்று சொன்னாள். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், துணி துவைத்து வைப்பாள், பேச மாட்டாள்.

மார்ச் கடைசியில் ஸ்டெல்லா வந்தாள். ப்ராஜெக்டைக் கல்லூரியில் கொடுக்க வேண்டும், அதற்கு வெளியாள் ஒருவர் ஐம்பது தலைமுறை பொறுக்கிக் காட்டிய கணக்கு வேண்டும், நீங்கள் செய்து தருவீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "வேற யாரையாச்சும் கேக்கலாம் அங்கிள். ஆனா அவ பொறுக்கறதுன்னா எங்கப்பாதான்னு சொல்லிட்டே இருப்பாளுங்க." நான் சரி என்றேன். அன்று முதல் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்குத் தேனுவின் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு இரண்டாகப் பொறுக்க ஆரம்பித்தேன். இந்தத் தடவை தேனு சொன்னபடி கோணலானதையே எடுத்தேன். ஒரு நாளைக்கு நான்கைந்து தலைமுறை, அதற்குமேல் கண் கலங்கிவிடும்.

இருபதாவது தலைமுறை சுமாருக்கு வரைபடத்தின் நடுவில் மேலிருந்து கீழாக, மூன்று கட்ட அகலத்தில் ஒரு நேரான வழி விழுந்தது. அதன் இரண்டு பக்கமும் எதிரெதிரே ஒவ்வொரு கட்டம் உள்வாங்கியிருந்தது. தேனு கடந்த இடத்திலும், இரண்டு பக்கமும் பஸ் ஒதுங்கி நிற்பதற்காகச் சாலை அப்படித்தான் இருக்கும். நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், நானே அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். பொறுக்குகிறவன் நான், என் மனதில் அந்தச் சாலை இருக்கிறது, அதற்கு ஒத்ததையே என் கண் தேடி எடுக்கிறது, அவ்வளவுதான். காட்டிலும் அப்படித்தான், பொறுக்குகிறவன் மனதில் என்ன செடி இருக்கிறதோ அதுதான் பத்து வருடத்தில் வயலில் நிற்கும். அதனால் அன்றிலிருந்து வேண்டுமென்றே மாற்றிப் பொறுக்கினேன். அந்தச் சாலை எதில் குறுகியிருக்கிறதோ, எதில் உடைந்திருக்கிறதோ அதை மட்டும் எடுத்தேன். கலவனைப் பிடுங்குகிற மாதிரி ஒவ்வொரு தலைமுறையிலும் அதைப் பிடுங்கினேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் அப்படி விடாமல் பிடுங்கியும் போகாத ஒரு குணத்தைப் பார்த்ததில்லை. இது போகவில்லை. சாலையில்லாத இரண்டை எடுத்து அழுத்தினால், அடுத்த எட்டிலும் சாலை இருந்தது.

நாற்பதைத் தாண்டியதும் புதிதாக ஒன்று சேர்ந்தது. சாலையின் கிழக்கு ஓரம் முழுக்க வெள்ளைச் சுவர், அதில் ஒரே ஒரு கட்டம் மட்டும் கறுப்பு. அந்தச் சந்து வழியாக உள்ளே போனால் வழி வலதுபுறம் திரும்பி, மறுபடி வலதுபுறம் திரும்பி, ஒரு சிறிய அறையில் முடிந்தது. சாலையிலிருந்து அறை வரை எண்ணினேன், பதினோரு கட்டம். அறைக்குள் மஞ்சள் சாவி. சிவப்புக் கதவோ இந்தப் பக்கம், சாலைக்கு மேற்கே, வடக்கு ஓரத்தில். எங்கள் வீடு இருக்கிற திசையில். எட்டிலும் அதேதான். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, எதை அழுத்தினாலும் அதேதான். ஐம்பதாவதைப் பார்த்துவிட்டு, காட்டில் வயல் அமைப்பு வரைகிற கட்டத்தாளை எடுத்து அப்படியே வரைந்துகொண்டேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பிடாமல் அந்தத் தாளோடு போய் அந்த நிறுத்தத்தில் இறங்கினேன். மில் மதில் ஓரமாகவே நடந்தேன். சினிமா போஸ்டரும் கட்சிப் போஸ்டரும் ஒட்டி ஒட்டித் தடித்துப்போன சுவர். ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் சுவர் இடிந்து ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி. சாலையில் நின்று பார்த்தால் மரம் மறைத்துக்கொள்ளும். உள்ளே போனேன். வலதுபுறம் திரும்பினேன், மறுபடி வலதுபுறம். மில்காரர்கள் குடியிருந்த பழைய லைன் வீடுகள் நாலைந்து இருந்தன, முதல் வீட்டு வாசலில், 'கம்ப்யூட்டர் டைப்பிங் செய்து தரப்படும்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தது.

உள்ளே ஒரு பெண், முப்பது வயதிருக்கும், ஒரு கால் சூம்பிப்போயிருந்தது. என்னைப் பார்த்து, "வாங்க, என்ன டைப் அடிக்கணுங்க?" என்றாள். நான் தேன்மொழி என்று பெயரை மட்டும் சொன்னேன்.

அவள் முகம் மலர்ந்தது. "தேனு அப்பாங்களா? உக்காருங்க. ஏனுங்க இத்தனை நாளா ஆளையே காணோம்? ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முப்பத்தெட்டு பக்கமும் அடிச்சு அப்பவே வெச்சுட்டேன். நான் வெளிய தெருவ போறதில்லைங்க, போன் பண்ணவும் நம்பர் இல்லை. பெங்களூரே போயிருச்சாக்கும்னு நெனச்சேன்."

நான் சொன்னேன். அதை ஒருவரிடம் நானே என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது அதுதான் முதல் தடவை. அவள் அடித்து வைத்திருந்த தாள்கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தடவிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"பத்து மணிக்கு வந்துச்சுங்க. பையை அந்த மூலைல வெச்சுட்டு அழுதுட்டே இருந்துச்சு. பெங்களூர் போறேன்க்கா, எங்கூட்டுக்குத் திரும்பப் போறதில்லைன்னு சொல்லுச்சு. நானும் சரி அழுவட்டும்னு விட்டுட்டேன். மிச்சமிருந்த பக்கத்தை எல்லாம் சொல்லச் சொல்ல அடிச்சேன். பக்கத்து மில்லுல பன்னெண்டு மணி சங்கு ஊதுனதும் எந்திரிச்சுருச்சு. எங்கப்பா ஊட்டுக்கு வந்திருப்பாருக்கா, நான் இல்லாட்டி கோவத்துல சோறு திங்காம உக்காந்திருப்பாரு, நான் போறேன்னு சொல்லிட்டுப் பையை எடுத்துக்கிட்டு ஓடுச்சுங்க."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பதினொன்றரைக்கு வந்து, அவள் பையோடு போய்விட்டாள் என்று தெரிந்து, சரோஜா போட்ட சோற்றுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் கையை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதைப் பார்த்தவள் சரோஜா ஒருத்திதான்.

தாள்கட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். கடைசியில் நன்றி என்று தலைப்பு மட்டும் போட்ட ஒரு பக்கம் இருந்தது. அதை அப்புறம் யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம்.

வீட்டுக்கு வந்து சரோஜாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திரும்பிக்கொண்டிருந்தாள் சரோ, நம்மை விட்டுப் போகவில்லை, எனக்குச் சோறு போட வந்துகொண்டிருந்தாள் என்று சொன்னேன். அந்தப் பதில் கிடைத்தால் போதும் என்று இரண்டரை மாதமாக எத்தனை கோயிலில் வேண்டினாளோ, எனக்குத் தெரியாது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எத்தனையோ நாள் கழித்து என்னோடு முதல் முறையாகப் பேசினாள்.

"உங்க பேச்சைக் கேட்டு அப்படியே போயிருந்தாள்னா, இன்னைக்கு இருந்திருப்பா."

என்னைத் திட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்த மாதிரி மெதுவாகச் சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் படத்தைக் காட்டுங்க" என்றாள்.

கம்ப்யூட்டரைப் போட்டு, சேமித்து வைத்திருந்த ஐம்பதாவது தலைமுறையில் ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவள் விரலை வைத்துச் சுவரைத் தொட்டாள், சந்தைத் தொட்டாள், அறையைத் தொட்டாள்.

"இந்தப் பச்சைப் புள்ளி யாரு?"

"அதுதான் வெளையாடறவ. அங்கிருந்து சாவியை எடுத்துட்டுக் கதவுக்குக் கொண்டுபோகணும்."

"அவ எதுக்குங்க அந்த அறைக்குள்ள நிக்கறா?"

சாவியையும் வழியையும் பார்த்த நான் அதுவரை புள்ளியைக் கவனிக்கவே இல்லை. மறுநாள் ஸ்டெல்லாவை வரச்சொல்லிக் காட்டினேன். அவள் ஒரு மணி நேரம் தேனு எழுதிய ப்ரோக்ராமை வரி வரியாகப் படித்தாள். படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அங்கிள், சுவர் மாறும், சாவி மாறும், கதவு மாறும். ஆரம்பிக்கற எடம் மாறாதுங்க. எப்பவும் கீழ் எடது மூலைதான். அதை மாத்தறதுக்கு இதுல ஒரு வரிகூட இல்லை. இது இதைச் செய்யவே முடியாதுங்க."

ஃப்ளாப்பியில் பதிந்துகொண்டு போனாள். அவள் மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் அதே வரைபடம், அதே சாலை, அதே அறை, ஆனால் புள்ளி கீழ் இடது மூலையில் இருந்ததாம். எங்கள் வீட்டில் மட்டும்தான் அறைக்குள். கல்லூரியில் அந்த மூலைக் கணக்கையே கொடுத்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். என்னிடம் அதைச் சொல்லும்போது அழுதாள்.

புள்ளியை நகர்த்துகிற கீபோர்டு பொத்தான்களை நான் தொடவே இல்லை. சரோஜா, "அங்கயே இருக்கட்டும், விட்டுருங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த அறையில் இருக்கிற வரைக்கும் தேனுவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதைத்தான் சரோஜா நினைத்தாள் என்று எனக்குப் புரிந்தது. ஸ்டெல்லா வந்து மதிப்பெண்ணைச் சொன்னதற்கு மறுநாள் மத்தியானம் சும்மா பார்ப்பதற்காகத் திறந்தோம். புள்ளி அறைக்கு வெளியே ஒரு கட்டம் வந்து நின்றது. கை பட்டிருக்கும் என்று நினைத்தேன். மூடிவிட்டுத் திறந்தேன், அதே இடம். அதற்கடுத்த நாள் திறந்தபோது இன்னும் ஒரு கட்டம். ஒரே நாளில் பத்துத் தடவை திறந்தாலும் ஒரு கட்டம்தான். இரண்டு நாள் திறக்காமல் விட்டுப் பார்த்தேன், விட்ட இடத்திலேயே நின்றாள். திறக்கிற நாளில் ஒரு கட்டம், முதல் திருப்பம், இரண்டாவது திருப்பம். பார்த்தீர்களா, நின்றது என்று எழுத ஆரம்பித்து நின்றாள் என்று எழுதுகிறேன், எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

பத்தாவது, பதினோராவது தடவை திறந்தபோது சரோஜா இல்லை, அவள் சித்தப்பா காரியத்துக்கு ஈரோடு போயிருந்தாள். பதினோராவது தடவையில் தேனு சுவர்ச் சந்தில் நின்றாள். அடுத்த கட்டம் சாலை. சாலை மூன்று கட்ட அகலம், ஒரு நாளைக்கு ஒரு கட்டம், அப்படியானால் மூன்று நாள் அவள் சாலையில் நிற்க வேண்டும். நான் மூடிவிட்டு ப்ளக்கைப் பிடுங்கி, ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடிவைத்துவிட்டேன். அது ஜூன் மாதம். இப்போது டிசம்பர். சரோஜா திரும்பி வந்ததும், விளிம்புக்கு வந்துவிட்டாள், இனிமேல் திறக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவளும் சரி என்றுதான் இருந்தாள், போன வாரம் வரைக்கும்.

போன வாரம் யாரோ அவளிடம், வருடம் இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரில் தேதி எல்லாம் குழம்பி எல்லாமே நின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். பேப்பரிலும் தினமும் அதேதான். ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து கேட்டதற்கு, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது அங்கிள், ஆனாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றாள். முந்தாநாள் சரோஜா என் கட்டத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நான் எண்ணிட்டேன். ரோட்டுக்கு மூணு நாள். அங்கிருந்து கதவுக்குப் பதினேழு நாள். ஆக இருபது நாள் வேணும். வருசம் முடிய இன்னும் இருபத்தி மூணு நாள்தான் இருக்குது. அதெல்லாம் நின்னு போறதுக்குள்ள அவளை ஊட்டுக்குக் கூட்டியாந்துருங்க."

"ரோட்டுல மூணு நாள் நிக்கணும் சரோ."

"நிக்கட்டும். நான் பக்கத்துலயே உக்காந்திருக்கறேன். சோறு தண்ணி வேண்டாம், நான் எந்திரிக்க மாட்டேன். அவ பாதி வழில நிக்கறாளுங்க. எத்தனை மாசமா நிக்கறா பாருங்க."

நேற்று அவளே வேட்டியை எடுத்துத் துவைத்துப் போட்டாள். திரையைத் துடைத்தாள். ப்ளக்கை மாட்டிவிட்டு, சுவிட்சை மட்டும் போடாமல், முன்னால் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறாள். இருபத்தி மூன்று இப்போது இருபத்தொன்று ஆகிவிட்டது. இதை நான் எழுதிக்கொண்டிருக்கிற இந்த மத்தியானமும் அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவளிடம் நான் ஒன்றைச் சொல்லவில்லை. அவள் ஈரோட்டில் இருந்தபோது, பத்தாவது தடவை திறந்த அன்றைக்கு, சாலையின் வடக்கு நுனியில், மேட்டுப்பாளையம் பக்கம், ஒரு வெள்ளைக் கட்டம் இருந்தது. அதற்கு முன்னால் அங்கே இல்லை. இந்த ஆட்டத்தில் வெள்ளை என்றால் சுவர், தலைமுறை மாறாமல் சுவர் நகராது. பதினோராவது நாள் பார்த்தால் அது நான்கு கட்டம் கீழே வந்திருந்தது. அது ஒரு நாளைக்கு நான்கு கட்டமும் இவள் ஒரு கட்டமும் போனால் என்ன ஆகும் என்று நான் எண்ணிப் பார்த்தேன், எத்தனை தடவை எண்ணினாலும் இரண்டாவது நாள் இரண்டும் ஒரே கட்டத்துக்குத்தான் வருகின்றன. சரோஜா மடியில் வைத்திருக்கிற தாளில் அந்த வெள்ளைக் கட்டத்தை நான் வரையவில்லை.